சவுரியம்மாள் கையைக் கட்டிக்கொண்ட இரவு

ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்குகிற மனிதனுக்குப் பகலில் எப்படி இவ்வளவு தூக்கம் வரும்? சவுரியம்மாள் கேட்ட இந்தக் கேள்விக்குத் திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் அன்று பதில் தெரியவில்லை, எனக்கும்தான்.

அவள் புருஷன் ராயப்பன், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். எண்பத்தாறாம் வருஷம், விழுப்புரம் போகிற வழியில் பட்டப்பகலில் கண்ணசந்து, வண்டியைப் புளியமரத்தில் உரசிவிட்டார். குடித்திருக்கிறான் என்று முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதர்.

சவுரியம்மாளின் பயம் வேறு. தூக்கத்தில் அவர் குறட்டை சட்டென்று அடங்கும், கூடவே மூச்சும் நிற்கும். பிறகு தொண்டை திணறி மூச்சு திரும்பும். ஒருநாள் திரும்பாமலே போய்விட்டால்?

விழுப்புரத்து டாக்டர் கோதண்டபாணி இதைக் கேட்டுவிட்டு, சென்னையிலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தார். சின்ன டேப்ரிகார்டர் மாதிரி இருந்தது. ராயப்பன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, பெட்டியை இடுப்பில் கட்டினார்.

"மூச்சு நின்னா இதயம் மெதுவா துடிக்கும். திரும்பினதும் வேகமா ஓடும். அது மாறி மாறி இந்த டேப்ல பதியும். வீட்ல எப்பவும் போலத் தூங்கட்டும்மா."

ஊர் திரும்புகிற பஸ்ஸில் ராயப்பன் சவுரியம்மாளிடம் முனகினார்: "பக்கத்துல குந்திக்கினு இருந்தவன் இதுல பாட்டு வருமான்னு கேக்கறான்மே!"

அன்றிரவு சவுரியம்மாள் அவரைப் பரீட்சைக்கு அனுப்புகிற பிள்ளையைப் போலக் கவனித்தாள். புது பனியன் போட்டுவிட்டாள். மல்லாந்தால்தான் குறட்டை ஏறும் என்பது அவளுக்குத் தெரியும்; மிஷின் முன்னால் அவர் மானம் போகக் கூடாதென்று, ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்தாள். மல்லாந்தபோதெல்லாம் புரட்டிவிட்டாள்.

டேப்பைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணும் தப்பா தெரியலையேம்மா."

"எப்டி சார் தெரியும்? நான்தான் ராவெல்லாம் முழிச்சிக்கினு, மல்லாக்க உடாம பார்த்துக்கினேனே!"

டாக்டர் சிரித்துவிட்டார், பெட்டியை மறுபடி கட்டினார். "இன்னைக்கு மட்டும் தொடாதீங்க. என்ன ஆவுதுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம்."

இரண்டாம் இரவு. ராயப்பன் மல்லாந்தார். குறட்டை ஏறியது, நின்றது. சவுரியம்மாளின் கை தானாக நீண்டது. இழுத்து மடியில் வைத்து, ஜெபமாலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பாதி ஜெபம் முடிந்தும் மூச்சு வரவில்லை. அடுத்த வரி வாயில் வராமல் அவர் மார்பையே பார்த்தாள். திணறலோடு மூச்சு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். விடிகிற வரைக்கும் இப்படியே.

இம்முறை டேப்பில் துடிப்பு மெதுவாகவும் வேகமாகவும் மாறி மாறிப் பதிந்திருந்ததைப் பார்த்து டாக்டர் தலையாட்டினார். மூச்சு நிற்கிற வியாதியாகத்தான் இருக்க வேண்டும், சென்னையில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம் என்றார். "மொத நாள் ராத்திரி நீங்க பண்ணீங்களே, அதான் இப்போதைக்கு வைத்தியம். பனியன் முதுகுல பந்து ஒண்ணு வச்சுத் தைங்க. மல்லாந்தா உறுத்தும், தானா திரும்பிப் படுப்பார். ஒடம்பையும் கொறைக்கணும்."

பந்துக்கு எங்கே போவது? துணிப்பையில் தோலோடு மல்லாட்டையைக் கட்டிப் பனியன் முதுகில் தைத்தாள். விடிந்ததும் பையைத் தடவிப் பார்த்தாள்.

"யோவ், ஒரே ராவுல பாதிய நொறுக்கிட்டியே!"

"வறுத்துக் குடுத்திருந்தா மீதியையும் முடிச்சிருப்பேன்!"

சாவி உடனே கைக்கு வரவில்லை. தூக்கம் முழுசாய்த் தெளிகிற வரை வண்டியைத் தொடக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஆனால் சவுரியம்மாள் அதற்குப் பிறகு ராத்திரியில் தூங்கினாள்.

குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறவர் உங்கள் தெருவிலும் இருப்பார். சோம்பேறி, குடிகாரன் என்று யாரும் சொல்வதற்கு முன்னால், அவர் வீட்டாரிடம் சவுரியம்மாள் கதையைச் சொல்லி, டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.