கூடுதல் அரைமணி நேரம்

பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினேன், அதுவும் பேக், கோலுக்கு முன் நின்று தடுக்கிற இடம். கோல் போட்டவனுக்குத்தான் கைதட்டல். தடுத்தவன் பெயர் எந்தப் பேப்பரிலும் வராது. அதில் எனக்கு வருத்தமில்லை. என் பெருமை வேறு. ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை, ஒன்றிலும் பாதியில் வெளியே வந்ததில்லை. விலா எலும்பில் விரிசலோடு ஆடியிருக்கிறேன். டெங்குக் காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் ஆடியிருக்கிறேன். கூட ஆடிய பர்மாக்காரப் பையன்கள் எருமை என்றே கூப்பிடுவார்கள்.

அரையிறுதி ஆட்டத்தன்று விடியற்காலையில் அப்பா போய்விட்டார். நகரத்துக்குள் பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. டாக்டர் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நானும் தங்கச்சியும்தான் பிள்ளைகள். கொள்ளி வைக்க வேண்டியவன் நான். மயானத்தில் ஐந்து மணிக்கு நேரம் கொடுத்தார்கள். பிந்தினால் யாருக்காகவும் நிறுத்தமாட்டார்கள்.

ஆட்டம் ஒரு மணிக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் ஊரில். மூன்றுக்குள் முடிந்துவிடும், பாலம் தாண்டி மயானத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். கோச் வரவேண்டாம் என்றுதான் சொன்னார். நானல்லவா போனேன்! தங்கச்சி தடுக்கவில்லை, ஆட்டம் முடிந்ததும் நேராக மயானத்துக்குப் போய்விடச் சொன்னாள்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். கீப்பர் விழுந்து கிடக்கிறான், பந்து காலி வலைக்குள் உருண்டு போகிறது. யோசித்தா செய்தேன்? சறுக்கிப் போய்க் கோட்டின்மேல் காலை நீட்டித் தட்டிவிட்டேன். மைதானமே எழுந்து கத்தியது. எனக்கென்று அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழுந்ததில்லை. அப்புறம்தான் உறைத்தது, ஆட்டம் சமன், இனி கூடுதலாக அரைமணி நேரம் ஆடியாக வேண்டும். அப்போதாவது வெளியே போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திமிர், வேறென்ன. பெனால்டி வரைக்கும் போய் ஜெயித்தோம்.

பாலத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி ஆகப்போகும் நேரம். வேறொரு வீட்டு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

தங்கச்சி வாசலில் ஈரத் தலையோடு நின்றாள். எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுக்கே வருவதில்லை. கொள்ளிக்குப் பெரியவர்கள் சித்தப்பா மகனைக் காட்டினார்களாம். அண்ணனுக்குப் பதில் நான் வைக்கிறேன் என்று அவளே வைத்துவிட்டாள்.

என் ஆட்டம் எதையும் அவள் விட்டதில்லை. அன்றும் வீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி வரும்வரை போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சேறு காயாத சட்டையோடு நான் எதிரே நிற்கிறேன். அவள் திட்டவில்லை, அழவுமில்லை.

"நீ கால நீட்டுனதப் பாத்தேண்ணே," என்றாள். "நீ தோக்கணும்னு இன்னிக்குத்தான் மொத தடவையா சாமியக் கும்பிட்டேன். அந்த ஒரு பந்த விட்டிருக்கலாம்ல?"