ஃப்ளோரா முகாமில் சொன்னது

ஃப்ளோராவும் நானும் பதினோரு வருஷம் ஒரே செராமிக் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு எடுத்தவர்கள். அவள் மகள் அருள்ஜோதியை ஊர் என்னென்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். லூசு என்றார்கள். திமிர் பிடித்தது என்றார்கள். முகம் பார்த்துப் பேசாததால் பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலில் ஒருத்தி சொன்னாள். ஒவ்வொருத்தரிடமும் சண்டை போட்டே ஃப்ளோரா ஓய்ந்துபோனாள்.

பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர் ஆட்டிசம் என்று எழுதிக்கொடுத்த சீட்டை அவள் பைபிளுக்குள் வைத்திருந்தாள். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வதும், அடுக்கி வைத்ததைக் கலைத்தால் அழுவதும் கெட்ட குணம் இல்லை என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

2006-இல் ஊனமுற்றோர் முகாம் வந்தது. சான்றிதழ் இருந்தால்தான் கடலூரில் ஒரு சிறப்புப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். முகாமில் இருந்த அதிகாரி அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இந்தப் பேருக்கு ஃபாரத்துல எடமே இல்லம்மா. மூளை வளர்ச்சி இல்லன்னுதான் எழுத முடியும். அதுக்கும் ஊனம் நாப்பது சதவீதம் வரணும்."

கூடப் போயிருந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எத கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுடி. சர்டிபிகேட்டு வந்தா போதும்" என்று ஃப்ளோரா காதில் ஓதினேன்.

தானே குளித்து, தலைவாரி, கலந்து கிடக்கும் கட்டைகளை அளவு பார்த்துப் பிரித்து வைக்கிற பெண் அருள்ஜோதி. அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஃப்ளோரா தெரியாது என்றாள். கேள்விகள் முடிகிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் அலுத்துப்போய், "அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார்" என்றாள்.

அருள்ஜோதி பக்கத்து நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் காலையில் அருள்ஜோதி தலை வாரிக்கொண்டே சொன்னாளாம்: "அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார்." அம்மாவின் அதே குரல், அதே அலுப்பு. அன்றிலிருந்து தினமும் அதே பேச்சுதான்.

"ஊரு பேசுன ஒரு வார்த்தையகூட அவ இப்புடி புடிச்சுக்கலக்கா" என்று பட்டறையில் ஃப்ளோரா அழுதாள். கையில் இருந்த கட்டையைக் கீழே வைக்கவில்லை. "வூட்ல பக்கத்துல உக்காந்து, அருள்ஜோதிக்கு எல்லாம் தெரியும், எல்லாம் தெரியும்னு நூறு தடவ சொல்லிட்டேன். அத மட்டும் திருப்பிச் சொல்ல மாட்டேங்குறா."