கால் நின்றால் நிற்க வேண்டும்

என் வீட்டுக்காரருக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. தரையில் விழுந்து உடம்பு வெட்டி இழுத்தது. என் பலத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தும், பிரஷைப் பிடித்திருந்த கையில் ஒரு விரலைக்கூட என்னால் பிரிக்க முடியவில்லை.

பைக்கைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். சைக்கிள் என்றால் பார்த்துப் போங்கள் என்று அரைமனதாகச் சொன்னார். எங்கள் வீடு தச்சநல்லூரில், அவர் வேலை கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வந்து கம்பெனி வாசலில் இறங்க அவருக்கு மானம் போகிறதாம். டாக்டர் சொன்ன சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். தடித்த டயர் போட்ட, மலையேறுகிற எலக்ட்ரிக் சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்தது. தச்சநல்லூரில் ஏது மலை?

கைப்பிடியில் ஆக்சிலேட்டர் இருப்பதைப் பார்த்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"இருநூத்தம்பது வாட்டுக்குள்ளதான் மோட்டார். இருவத்தஞ்சுக்கு மேல வேகம் போவாது. லைசென்சும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். முறுக்கி ஓட்டினாலும் மிதிச்சு ஓட்டினாலும் சட்டத்துக்கு இது சைக்கிள்தாம்மா" என்றார் கடைக்காரர்.

"சட்டத்துக்கு வலிப்பு வராது அண்ணாச்சி. முறுக்குன கை அப்படியே இறுகிட்டா வண்டி எங்க போய் நிக்கும்?"

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மிதித்தால் மட்டும் மோட்டார் துணைக்கு வரும்படி வைத்துவிட்டு, ஆக்சிலேட்டர் ஒயரைக் கழற்றிவிட்டார். காலை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீடு திரும்பினேன்.

ஆனி பிறந்தது. எங்கள் பக்கத்து மேல்காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கிலிருந்து அடித்து, ஸ்கூட்டரையே ஒரு பக்கமாகத் தள்ளும். வேலை முடிந்து வருகிறவர் பேச்சில்லாமல் படுத்துவிடுவார். சில நாள் கழித்து, வந்ததும் சிரித்துப் பேச ஆரம்பித்தார். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கயத்தாறில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். கங்கைகொண்டான் தாண்டி சர்வீஸ் ரோட்டில் எனக்கு முன்னால் அவர் போய்க்கொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன்: அவர் கால் மிதிக்கவில்லை. சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

ஆக்சிலேட்டர்! வலிப்பு வந்துவிட்டது, கை இறுகிவிட்டது என்று நினைத்தேன். தூரத்தில் ஒரு டிப்பர் லாரி நின்றது. ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. காற்றின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஸ்கூட்டரை முறுக்கி அவர் பக்கத்தில் போய், அவர் பேரைச் சொல்லியே கத்தினேன். கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லாத பேர்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிரேக் பிடித்து, காலை ஊன்றி நின்றார்.

"ஏட்டி, நீ எங்க இங்கன?"

உயிரோடு நிற்கிறார் என்ற சந்தோஷமும் அறையலாம் என்ற கோபமும் ஒன்றாக வந்தன. கைப்பிடிக்குக் கீழே பார்த்தேன். கழற்றின ஒயரை மறுபடியும் மாட்டியிருந்தார்.

"என்னைய ஏமாத்துதீங்களா?"

"காத்து மிதிக்க விடாமத் தள்ளுது. மிதிச்சு மிதிச்சு தலை கிறுகிறுன்னு வருது. ரொம்ப அசந்தாலும் அது வரும்னு அந்த டாக்டர்தான சொன்னாரு? நான் என்ன செய்ய, சொல்லு."

 அவர் சொன்னதும் உண்மைதான். ஆனாலும் அந்த ஒயரைப் பிடுங்கினேன்.

"நாளையிலேருந்து காத்து அடங்குத வரைக்கும் என் வண்டியில வாங்க."

சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார்.

"கம்பெனி வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலயே இறக்கி விட்டுரு" என்றார்.

சைக்கிளை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. பைய மிதிக்கச் சொன்னேன். காற்று என்மேல் விழட்டும் என்று மேற்கே ஸ்கூட்டரை விட்டு, அவரை ஒட்டியே வந்தேன். வழியில் ஒரு பாலத்தருகே வந்தபோது, "முன்னால பாத்து ஓட்டுட்டி" என்றார்.

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.