ஹுவே அரண்மனையில் கழற்றிய செருப்பு

மலேசியாவின் பாலிங்கிலிருந்து நானும் என் பதின்மூன்று வயது மகள் கவிதாவும் பள்ளி விடுமுறைக்கு வியட்நாமின் ஹுவே நகருக்குப் போயிருந்தோம். அங்கே பழைய அரசர்களின் அரண்மனை முன்வாசலில், யாரும் சொல்லாமலே, கோயிலுக்குப் போகும் பழக்கத்தில் இருவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தோம். சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்ததோ கிழக்கு வாசல் வழியாக. வெளியே தரை சுட்டபோதுதான் செருப்பு நினைவு வந்தது.

“நான் போய் எடுத்துட்டு வரேம்மா,” என்று காவலர் கவனிப்பதற்குள் கவிதா உள்ளே ஓடிவிட்டாள். பின்னால் போன என்னை அவர் தடுத்தார். அது வெளியேறும் வழி மட்டுமாம். மகளின் கைப்பேசி என் பையில் இருந்தது. முக்கால் மணி நேரம் வெறுங்காலோடு அழுதுகொண்டு நின்றேன்.

அப்போது கோட்டைச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. மடியில் இரண்டு ஜோடி செருப்போடு கவிதா உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழி குழம்பியதும், முன்வாசலில் வெளியேறி, டிக்கெட்டில் இருந்த வரைபடத்தில் கிழக்கு வாசலைக் காட்டி வண்டி பிடித்திருக்கிறாள்.

“மகாராணிக்குச் செருப்பு வந்தாச்சு லா. அழாதீங்க.”

மறுநாள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு மலை அருவிக்கும் அவள்தான் வழி கேட்டு என்னை அழைத்துப் போனாள்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், வெளியேறும் வாசலை முதலில் கேட்டு, பிரிந்தால் எங்கே நிற்பது என்று பேசிவிட்டுத்தான் நுழைகிறோம். கைப்பேசி அவள் கையில். வரைபடமும் அவளிடம்தான்.