கொளஞ்சி வாக்கு

மந்தாரக்குப்பத்தில் ‘கொளஞ்சி வாக்கு’ என்றால் நடக்காத காரியம் என்று அர்த்தம். குஞ்சிதபாதத்தின் டீக்கடையில் பிறந்த சொல் அது. “பால் வண்டி இப்ப வருமாண்ணே?” என்று எவனாவது கேட்டால் “கொளஞ்சி வாக்கு” என்பார். கேட்டவன் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

சொல்லுக்குச் சொந்தக்காரன் கொளஞ்சிநாதன். காடாம்புலியூர்க்காரன். அனல் மின் நிலையத்துச் சாம்பலைச் செங்கல் சூளைகளுக்கு ஏற்றிப்போகும் லாரியில் டிரைவர். லாரி எருமை மாதிரிதான் ஊரும். அதை ஓட்டுகிறவனுக்குக் கார் ரேஸ் பைத்தியம். பஞ்சர் கடையில் காத்திருந்தபோது டிவியில் பார்த்தான், பிடித்துக்கொண்டது. அன்று முதல் ஒவ்வொரு கிராண்ட் பிரீக்கும் முன்னால் டீக்கடையில் நின்று இன்னார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடுவான். இன்னார் என்ன, எப்போதும் அந்த மஞ்சள் வண்டிதான். ஊர் நிலக்கரிச் சுரங்கத்து வண்டிகளெல்லாம் மஞ்சள். அதனால் அதுவும் நம்ம ஊர் வண்டி என்று நினைப்பு. அந்தச் சனியனோ ஒரு தடவைகூட முதலில் வந்ததில்லை.

ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டான். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள், “குழாயில தண்ணி வருமா?” என்று கேட்டாள். அவன் பெண்டாட்டி செந்தாமரை, “தண்ணியா? கொளஞ்சி வாக்குதாங்கா” என்றாள். புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் அவள். ‘தமிழ்நிலா அப்பா’ என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கே அது பேர் என்பது மறந்துபோய், வெறும் சொல்லாகிவிட்டது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை டீக்கடைக்கு வந்தான். உட்காரவில்லை.

“நாளைக்கு அங்க மழ பேயும். எல்லாவனும் டயர் மாத்த ஓடுவான். மஞ்ச வண்டிக்காரன் ஓடமாட்டான், அவந்தான் ஜெயிப்பான். இல்லன்னா என் பேர மாத்திக்கறேன்.”

“யோவ், நீ பேர மாத்திகினா நாங்க எதச் சொல்லிப் பேசறது?” என்றார் குஞ்சிதபாதம். கடையே சிரித்தது.

ஆட்டோ ஓட்டும் ஜெயகணேஷ் விடவில்லை. “கொளஞ்சியப்பர் கோயில்ல சீட்டெழுதிப் பிராது கட்டிட்டியாண்ணா?”

“நான் ஏன்டா கட்டறேன்? சாமி பேரே எனக்குத்தான்டா வச்சிருக்கு.”

ஞாயிறு சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. ரேஸ் பார்க்க இல்லை, பேர் மாற்றுவதைப் பார்க்க. ரேஸ் நடந்த ஊரில் வெயில் கொளுத்தியது. மஞ்சள் வண்டி எங்கேயோ பின்னால் வந்தது. பாதி ரேஸ் முடிந்தது.

“பன்னீர்னு வச்சிக்கறியாண்ணா? நல்லா இருக்கும்” என்றான் ஜெயகணேஷ்.

கொளஞ்சிநாதன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரேஸ் ரோட்டில் பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. அப்புறம் கொட்டியது. முன்னால் போன வண்டியெல்லாம் மழை டயர் மாட்ட ஒதுங்கின. மஞ்சள் மட்டும் ஒதுங்கவில்லை. ஒரு வளைவில் வழுக்கி, சுவரை உரசுகிற மாதிரி போய்த் திரும்பியது.

வந்த வேகத்தில் மழை நின்றது. மாட்டியவனெல்லாம் கழற்ற ஓடினான். மஞ்சள் முன்னால்!

கடைசிச் சுற்றில் ஒரு சிவப்பு வண்டி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

“சைடு குடுக்காத!” என்று கத்தினான் கொளஞ்சிநாதன்.

“சைடு குடுக்காதடா!” என்று கடையே கத்தியது. குஞ்சிதபாதம் வடிகட்டியை ஆட்டிக்கொண்டு கத்தினார். பால் பொங்கி அடுப்பு அணைந்ததை யாரும் பார்க்கவில்லை.

கொடுக்கவில்லை. மஞ்சள்தான் முதலில் வந்தது.

ஜெயகணேஷ் அவனைத் தோளில் தூக்கப் பார்த்து முடியாமல் கட்டிக்கொண்டான். கொளஞ்சிநாதன் நேரே லாரிக்குப் போய் ஏறி ஹாரனை அழுத்தினான். கடைத்தெரு முழுக்கக் கேட்டது. யாரும் திட்டவில்லை.

மறுநாள் காலையில் விருத்தாம்பாள் குடத்தோடு வந்து நின்றாள். “இன்னிக்காவது தண்ணி வருமா?”

“வரும்கா. கொளஞ்சி வாக்கு” என்றாள் செந்தாமரை. சொன்னபிறகுதான் அது புருஷன் பேர் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே இருந்து குரல் வந்தது. “இன்னும் ரெண்டு இட்லி வைடி.”