பதினைந்தாவது பேர்

வினோதாவுக்குப் பொகவந்தலாவை பஜாரில் போட்டோகொப்பிக் கடையில் வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ‘மிஸ்’. சம்பளம் கிடையாது. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படிவம் நிரப்பவும், பேங்கில் போய்ப் பேசவும், வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாமலிருக்கவும் சொல்லிக்கொடுப்பாள். பதினெட்டு வயதில் தரகர் நீட்டிய கடதாசியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, கொழும்பில் ஒரு வீட்டில் நாலு வருஷம் அடைபட்டுக் கிடந்தவள் அவள். இன்னொரு பிள்ளை அப்படிப் போகக்கூடாது என்பதில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது.

இந்த வருஷம் இப்படியான தொண்டர் வகுப்புகளுக்கு அரசாங்க உதவிப் பணம் வந்தது. நிபந்தனை ஒன்றுதான், பதினைந்து பிள்ளைகள் இருக்க வேண்டும். வினோதாவிடம் பதினான்கு பேர். பணம் வராவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான். பிள்ளைகளின் பேர் பதிந்த பள்ளி இடாப்பைப் புரட்டியவள், தன் வகுப்பு இடாப்பில் பதினைந்தாவதாக நிஷாந்தி என்று எழுதினாள். போன வருஷ மண்சரிவில் ஏழாம் லயத்து வீட்டு வரிசையோடு புதைந்துபோன பிள்ளை. உடல் கிடைக்காததால் மரணப் பதிவு இல்லை, பள்ளி இடாப்பில் பேரும் இன்னும் வெட்டப்படவில்லை.

தோட்டத்தில் இதெல்லாம் பெரிய பாவமுமில்லை. வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்போது, வராதவருக்காக இன்னொருத்தர் குரல் கொடுப்பது ஊரறிந்த கள்ளத்தனம்.

எழுதிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, வாய் தவறி அந்தப் பேரையும் கூப்பிட்டுவிட்டாள்.

“இருக்கேன் மிஸ்.”

கடைசி வாங்குப் பலகை காலியாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வினோதா பதினான்கு படிவம் கொடுத்தாள், திரும்பி வந்தது பதினைந்து. பதினைந்தாவதில் மண் வாடை. முகவரியில் ஏழாம் லயம் என்று அழகாக எழுதியிருந்தது. பேர் எழுதும் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அடுத்த வாரம் கணக்கெடுக்க வந்த அதிகாரி பேனாவால் தலைகளை எண்ணினார். “பதினஞ்சு சரி” என்று கையெழுத்தும் போட்டார். போகும்போது திரும்பி, “மிஸ், பின்னுக்கு இருக்கிற புள்ள நல்லா நனைஞ்சிருக்கு. துவாய் ஒண்ணு குடுங்க” என்றார்.

பணம் வந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

பேச்சு லயம் லயமாகப் பரவி, நிஷாந்தியின் அம்மா மீனம்மாவின் காதுக்கும் எட்டியது. மறு சனிக்கிழமை கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு வகுப்புக்குள் வந்து நின்றாள்.

“எம்புள்ள பேரக் கூப்புடுறீங்களாமே. பதிலும் வருதாமே. ஒருக்கா கூப்புடுங்க மிஸ், நானும் கேட்டுட்டுப் போறேன்.”

வினோதாவுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. கூப்பிட்டாள்.

“இருக்கேன் மிஸ்.”

மீனம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்து, அப்படியே வாடிப்போனது.

“இது எம்புள்ள கொரலு இல்லீங்க.”

படிவத்தில் பேரில்லாமல் வெறுமையாய் இருந்த அந்தக் கட்டம் வினோதாவுக்கு ஞாபகம் வந்தது. ஏழாம் லயத்தில் குடும்பத்தோடு போன பிள்ளைகள் இன்னும் நாலு பேர். அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தோட்டத்தில் யாரும் மிஞ்சவில்லை.

மீனம்மா கடைசி வாங்குக்குப் போய், ஈரமாயிருந்த பலகையில் கை வைத்தாள்.

“நீ யாரு புள்ளம்மா? ஒன் பேரச் சொல்லு. மிஸ் எழுதிக்குவாங்க.”

வினோதா இடாப்பில் நிஷாந்தியை வெட்டினாள். பணம் போனால் போகட்டும் என்றிருந்தது. பேனாவைத் திறந்தபடி அவளும் காத்திருந்தாள்.