தேஷா காட்டிக்கொடுத்த பாறை

துப்ரோவ்னிக் என்ற கடலோரச் சுற்றுலா ஊரின் கோட்டைக்குள், எங்கள் படிக்கட்டுச் சந்தில் பதினோரு வீடுகள். குளிர்காலத்தில் விளக்கெரிவது இரண்டில்தான்: என் வீட்டிலும் தேஷா வீட்டிலும். மற்றதெல்லாம் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுபவை. நானோ விடுதி வேலைக்கு விடியுமுன் போய் இருட்டியபின் திரும்புகிறவன்.

தேஷா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்துவிட்டார். மகள் அயர்லாந்தில். கோடையில் சுற்றுலாக் கப்பல்கள் வந்து நின்றுவிட்டால் தெருவில் கால் வைக்க முடியாது என்பதால், காலை ஏழு மணிக்குள் ரொட்டியும் மீனும் வாங்கி வீட்டுக்குள் போய்விடுவாள். அதற்கும் முன்னால், மதிலில் இருக்கும் சின்ன வாசல் வழியாக இறங்கி, ஒரு பாறையிலிருந்து கடலில் நீந்துவாள். சலவைக்கூடத் தோழி நிகே புறநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வாள். நாள் முழுவதிலும் தேஷா வாய்விட்டுப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஒரு ஜூனில் நிகேவுக்கு முட்டியில் ஆபரேஷன். மூன்று வாரம் வரவில்லை. அப்போதுதான் லீவே என்ற பெல்ஜியம்காரி, கூட்டத்தில் நசுங்கிக் களைத்து, தேஷா வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். இந்த ஊரில் ஆள் இல்லாத இடமே கிடையாதா என்று கேட்டாள். தேஷாவை யாரும் எதுவும் கேட்டுப் பல நாளாகியிருந்தது. மறுநாள் அவளைப் பாறைக்கு அழைத்துப் போனாள். மூன்று காலைகள் இருவரும் சேர்ந்து நீந்தினார்கள்.

ஊருக்குப் போன லீவே, கூட்டமில்லாத இடங்கள் பற்றி இணையத்தில் படத்தோடு எழுதினாள். அடுத்த கோடையில் ஐந்தரை மணிக்கே பாறையில் நாற்பது துண்டுகள் விரிந்திருந்தன. யார் சொல்லியிருப்பார்கள் என்று நிகே திட்டித் தீர்த்தாள். தேஷா மறைக்கவில்லை.

நிகே தன் துண்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "பேச ஆளில்லன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி," என்றாள்.

"உனக்கே முட்டி வலி. உன்கிட்ட என்னத்த சொல்ல?"

அதற்குப் பிறகு நிகே வரவில்லை.

செப்டம்பரில் லீவே மறுபடி வந்து கதவைத் தட்டினாள். பாறையைப் பார்த்து உண்மையாகவே அழுதாள். "மன்னிச்சிடுங்க தேஷா. வேற எங்கயாவது அமைதியான இடம் இருக்கா?"

இருந்தது. தேஷாவுக்கு இரண்டு இடம் தெரியும்.

"இல்லம்மா. ஊரே இவ்வளவுதான்," என்றாள். ஒரு காபி கொடுத்து அனுப்பினாள்.

ஜனவரியில் நிகேவுக்கு போன் செய்தாள். "பாறையில ஒரு ஈ காக்கா இல்ல. வர்றியா?"

"இந்தக் குளிர்லயா? எனக்கு ஆகாது தேஷா. நீ இங்க வாயேன், காபி போடறேன்."

பார்க்கலாம் என்று சொல்லி தேஷா போனை வைத்துவிட்டாள். என் விடுமுறை நாளொன்றில் மதில்மேலிருந்து அவளைப் பார்த்தேன். வழக்கத்தைவிட நெடுந்தூரம் நீந்திப் போய்த் திரும்பினாள். துண்டைப் போர்த்திக்கொண்டு, மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.